நான்காம் எண் பியானோ

பாணேர், புனே
சனிக்கிழமை

அன்புள்ள ப்ரியம்வதாவுக்கு,

ஹரிபிரசாத் அன்புடனும் சிறிது அச்சத்துடனும் எழுதுவது. நான் நலம். பியானோவும் இங்கேயே நலம். இன்று காலை அதை நர்சரிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும் என்பது நினைவிருக்கிறது. கோயம்புத்தூர் கிளம்பும்போது வாயால் இருமுறையும், ரயில் நகர்ந்தபின் சைகையாலும் சொன்னாய். போனில் விளக்கினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

போன ஞாயிறு கிளப் ஹவுஸில் எங்கள் இசை கேட்கும் குழு கூடியது. ஸ்கார்லாட்டி இயற்றிய சொனாட்டா ஒன்றையே ஐந்து பேர் தனித்தனியாகப் பியானோவில் வாசித்த பதிவுகள். வாசித்தவர் பெயர் கிடையாது, எண் மட்டும். கேட்டு முடித்ததும் ஓட்டு. பிரபலமானவர்களுக்கு அனுமதி இல்லை. யாரும் கேள்விப்படாத பதிவென்றால்தான் எங்களுக்கு மரியாதை. தேடும் பொறுப்பு என்னுடையது. நான்கு கிடைத்தன. ஐந்தாவதுக்காக நான் வெகுதூரம் போகவில்லை. நம் கட்டிலுக்கு அடியில் எண்பத்தாறு பிரதிகள் இருந்தன. ஆம், பன்னிரண்டு வருடம் முன்பு இங்கே புனேயில், கட்கிப் பள்ளிக்கூட ஹாலில் நீ வாசித்துப் பதிந்த சிடிதான். சொந்தக்காரர்கள் மட்டும் பாராட்டினால் அது கலையல்ல, மொய் என்று சொல்லி நீ ஒதுக்கிவைத்தது. நான்காம் எண்ணாக அதை ஒலிக்கவிட்டேன்.

வீணை டீச்சர் கனகவல்லி முதல் மூன்றுக்கும் தொடையில் தாளம் போட்டபடி வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதில் போனைக் கவிழ்த்து வைத்தார். “இந்தம்மா மட்டும்தான் ரெண்டாந்தரம் வர்றப்போ சங்கதி மாத்தி வாசிக்கிறா. மத்தவாள்லாம் ஜெராக்ஸ் எடுக்கறா” என்றார்.

மென்பொருள் முரளி உடனே இது கிழக்கு ஐரோப்பாவில் இளமையிலேயே இறந்துபோன ஒரு பெண்மணி என்று கண்டுபிடித்தார். துயரம் இடதுகையில் தெரிகிறதாம். பின்னணியில் ஊ என்று கேட்ட நீண்ட ஒலி, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பலாம்.

சவரிமுத்து அண்ணன் பொறுத்துப் பார்த்தார். “கப்பலும் இல்ல, கிப்பலும் இல்ல சார். அது எங்க ஃபேக்டரி சங்கு. முப்பத்தோரு வருஷம் அதக் கேட்டுத்தான் சோத்து டப்பாவ மூடுனேன். கட்கியில யாரு சார் இப்பிடி வாசிக்கிறது?”

ஓட்டு ஏற்கெனவே முடிந்திருந்ததால் உன் பெயரைச் சொன்னேன். நீ இறந்துபோகாததை மன்னிக்க முரளிக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

எட்டு ஓட்டில் உனக்கு மூன்று, இரண்டாம் இடம். பெயர் தெரிந்த பிறகும் அந்த மூவருமே ஓட்டை மாற்றவில்லை, முரளி உட்பட. நான் ஓட்டுப் போடவில்லை. இந்த நேர்மைக்குச் சாட்சிகள் உண்டு.

இன்று காலை பள்ளி வேன் வந்தது. நாலு ஆட்கள் கயிற்றோடு நின்றார்கள். பியானோ பற்றி வீட்டம்மாவிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று வேனோடு வந்த ஸ்நேஹா மிஸ்ஸிடம் சொன்னேன். அவர், “கேட்டுட்டே சொல்லுங்க அங்கிள், குழந்தைங்க ஜாம் கையோடதான் தொடுவாங்க” என்றார். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் சோபாவைக் கொடுத்துவிட்டேன். வந்ததும் முதலில் இதற்குத் திட்டு. மற்றதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உன் வாசிப்பை நேரில் கேட்க வேண்டும் என்று குழுவே நச்சரிக்கிறது. பாயில் உட்காரச் சம்மதித்துவிட்டார்கள்.

தங்கை வீட்டுப் புதுப் பேரனுக்கு என் ஆசிகள். அவன் சௌகரியப்படியே கிளம்பி வா. முடிவு உன்னுடையது. வந்த பிறகும் பியானோ வேண்டாமென்றால் வேனுக்கு நானே போன் செய்கிறேன். ஆனால் மூடியைத் திறந்து ஒரு தடவை வாசித்துவிட்டுச் சொல். மதியம் தூசி துடைக்கும்போது கைபட்டு ஒரு சுரம் ஒலித்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த அறையில் நீ இருக்கிறாயா என்று போய்ப் பார்த்தேன்.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன்
ஹரிபிரசாத்