ஐந்தில் எந்த ஊசி

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வெண்டல் இன்றும் வாங்கவில்லை. ஒரு மாதமாக இதே கூத்து. வில்லில் பொருத்திக் குறிபார்க்க ஒரு சின்னக் கருவி. அதற்கு என் புருஷன் செய்யும் ஆராய்ச்சியைப் பார்த்தால் நிலாவுக்கு ஆள் அனுப்பப் போகிறான் என்று நினைப்பார்கள். சாப்பிடும்போதும் கைபேசியில் யாரோ ஒரு தாடிக்காரன் குறிக்கருவிகளைப் பற்றி ஓயாமல் பேசுகிறான். நான் சமைத்தது ஆறுகிறது.

என் வில்லும் இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த அதே மாதிரி வில்தான். அதன் குறிக்கருவியில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து ஊசிகள். மேல் ஊசி இருபது கஜத்துக்கு, அடுத்தது முப்பதுக்கு, அப்படியே கீழே அறுபது வரை. மான் நிற்கும் தூரத்துக்கு உரிய ஊசியை அதன் மேல் வை, விடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஐஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டேன். தாடிக்காரனின் சத்தத்தைக் கூட்டினான்.

செப்டம்பர் 2, திங்கள்

வாங்கிவிட்டான். ஒரே ஒரு ஊசி. பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம். அதைத் திருப்பினால் ஊசி ஏறி இறங்கும், தூரத்துக்குத் தகுந்தபடி. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதைப் போல.

"மான்கிட்ட முன்னாடியே சொல்லி வை. 'கொஞ்சம் நில்லும்மா, சக்கரத்த திருப்பிட்டு வரேன்'னு."

சிரிப்பான் என்று பார்த்தேன். "எனக்கு இது போதும் ரோண்டா" என்று மட்டும் சொல்லி, வில்லைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டான். இரண்டு மணி நேரம் உள்ளேயே. ஒரு ஊசியை மாட்ட இரண்டு மணி நேரம்!

செப்டம்பர் 14, சனி

வேட்டைக்காலம் தொடங்கியது. கொசுதான் வந்தது.

அக்டோபர் 3, வியாழன்

கண்ணால் கண்டேன். மானுக்காக மரத்தில் கட்டிய என் பரணிலிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் ஓக் மரத்தில் வெண்டலின் பரண் தெரியும். அவனுக்கு முன்னால் ஒரு ஆண் மான், எட்டுக் கிளைக் கொம்பு, பக்கவாட்டில் திரும்பிப் படத்துக்கு நிற்பதுபோல நின்றது. முப்பது கஜம் இருந்தால் அதிகம். வெண்டல் நாணை இழுத்தான். பிடித்தான். பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகத் தளர்த்திவிட்டான். மான் நடந்து போயிற்று. ஓடக்கூட இல்லை, அவ்வளவு மரியாதை அதற்கு இவன் மேல்.

"என்ன ஆச்சு?"

"தூரம் சரியில்ல."

தூரம் சரியில்லையாம். சக்கரத்தை வைத்துத் தடுமாறியிருப்பான், வேறென்ன.

அக்டோபர் 4, வெள்ளி

லவானின் பாரில் வெள்ளிக்கிழமை மீன். கூட்டம். அவள் பாரின் பின்சுவர் முழுக்கச் சட்டைவால்கள். குறி தவறியவனுக்கும், அடித்த மானைத் தொலைத்தவனுக்கும் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி, பெயரும் தேதியும் எழுதி ஆணி அடித்துவிடுவோம். போன ஆண்டிலிருந்து வெண்டலுடையதும் அங்கே தொங்குகிறது. பச்சைக் கட்டம் போட்ட ஃபிளானல், அவனுக்கு ரொம்பப் பிடித்த சட்டை. ஒரு பெண் மானை அடித்து, இரண்டு நாள் தேடியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. வெட்டியது நான்தான், தோள்பட்டை வரைக்கும். கத்தரி கைக்கு வந்தால் பாதியில் நிறுத்துவது என் வழக்கமில்லை.

நேற்றைய கதையை நடித்துக் காட்டினேன். ஒரு கையில் வில், ஒரு கையில் சக்கரம், மான் கொட்டாவி விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளிதோறும் வரும் ஆர்லன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணில் தண்ணீர். அவனுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும், மூளைக்கு வேலை இல்லாத ஜென்மம்.

வெண்டல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த மீனில் முள்ளே கிடையாது.

அக்டோபர் 11, வெள்ளி

இன்றும் ஆர்லன் கேட்டான், இன்றும் ஆடினேன். இந்த முறை மானுக்கு வசனமும் சேர்த்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

பெண் மான். வெளிச்சம் மங்கும் நேரம். இருபது கஜம், ஒரு கஜம் கூட இல்லை, குறைவும் இல்லை. அந்த இடத்தைக் கோடையிலேயே அளந்து வைத்திருக்கிறேன். இழுத்தேன். அரையிருட்டில் ஐந்து ஊசியும் பச்சைப் பச்சையாக மினுங்கின. மான் நகர்ந்தது. வைத்தேன். விட்டேன்.

எந்த ஊசியை வைத்தேன்?

அம்பு உயரப் போச்சு. முதுகுல பட்டுது. துள்ளிக்கிட்டு ஓடிப் போச்சு. ஐயோ, நான் எண்ணவே இல்லையே. ஐஞ்சு வரைக்கும் எண்ண —

அம்பு புல்லில் கிடந்தது. முடி, கொஞ்சம் ரத்தம். புல்லிலேயே துடைத்து அம்புக்கூட்டில் செருகினேன்.

வெண்டல் கேட்டான்: "ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல" என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

ஆர்லன்: "ஏ ரோண்டா, அந்தச் சக்கரக் கூத்து!" முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். ஆடினேன். எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு கேவலமான பொம்பளையை லவானின் பார் இதற்கு முன் பார்த்திருக்காது, அங்கே யாருக்கும் அது தெரியாது, அவ்வளவுதான்.

அக்டோபர் 19, சனி

காளான் பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தேடினேன். ஓடைவரை நான்கைந்து சொட்டு ரத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒரு காளான்கூட எடுத்துவர மறந்துவிட்டேன். வெண்டல் வெறும் பையைப் பார்த்தான்.

அக்டோபர் 20, ஞாயிறு

வெண்டல் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் வில்லை எடுத்து ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம் என்று கராஜுக்குப் போனேன். ஒரே ஊசியாக இருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும்? தெரிந்துகொள்ள ஆசை.

சக்கரத்தைத் திருப்பினேன். திரும்பவில்லை. பலமாகத் திருப்பினேன். கீழே பார்த்தால், திருகாணியை முடுக்கி, மேலே பசை ஊற்றி, அதற்கும் மேலே கறுப்பு டேப் சுற்றி, வெள்ளை மையில் '20' என்று எழுதியிருக்கிறது. பசையில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தால் வாங்கிய அன்றே செய்திருக்கிறான். அந்த இரண்டு மணி நேரம்.

அப்படியென்றால் அவன் சக்கரத்தைத் திருப்பவே இல்லை. ஒரு நாளும். ஊர் முழுக்கச் சிரிக்கச் சிரிக்க நான் ஆடிய கூத்தில் வந்தது வேறு எவனோ.

வெண்டல் பின்னால் வந்து நின்றான்.

"இது திரும்பல" என்றேன், அதுவும் குற்றம் சொல்கிற குரலில். என் வாய்க்கு வேறு குரல் பழக்கமில்லை.

"திரும்பக்கூடாதுன்னுதான்."

"அப்புறம் எதுக்கு சக்கரம் வச்சத வாங்கின?"

"ஒத்த ஊசியில உறுதியா இருந்தது இது ஒண்ணுதான். போன வருஷம் அந்த மான மூணாவது ஊசிய வச்சு அடிச்சேன் ரோண்டா. மொத ஊசின்னு நெனச்சு. இனிமே இருபதுக்குள்ள வந்தா விடுவேன். இல்லேன்னா பாத்துட்டு வருவேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் ஆடியிருப்ப."

ஆடியிருப்பேன். சத்தியமாக ஆடியிருப்பேன்.

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை, இருபது கஜம், துடைத்த அம்பு, காளான், எல்லாம். ஒரு வார்த்தை குத்துவான் என்று காத்திருந்தேன். குத்தியிருந்தால் தேவலை.

"எங்க பட்டுது?"

"முதுகு மேல. ரொம்ப மேல."

"எத்தனாவது ஊசி?"

"தெரியல."

பூட்ஸை மாட்டினான். இருட்டும்வரை ஓடையின் இரண்டு கரையிலும் முட்டிபோட்டுத் தேடினோம். நான் கவனிக்காத ஒரு சொட்டை அவன் ஒரு மேப்பிள் இலையின் அடியில் கண்டுபிடித்தான். அதுதான் கடைசி.

அக்டோபர் 23, புதன்

வெண்டல் வேலையிலிருந்து வரும் வழியில் மான் நடமாட்டத்தைப் படம் பிடிக்கச் சோளக்காட்டு ஓரத்தில் வைத்த கேமராவைப் பார்த்துவிட்டு வந்தான். நேற்று விடியற்காலைப் படம். அவள்தான், அந்தப் பெண் மான். முதுகில் ஒரு விரல் அகலத்துக்கு முடி வழித்த கோடு. சோளம் தின்கிறாள். காதை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, என்னைச் சட்டை செய்யாமல்.

அழுதேன். நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் வரும் பிள்ளைகள் முன்னால்கூட அழுததில்லை, அவ்வளவு படுத்துவார்கள்.

"உயிரோடதான் இருக்கு" என்றான் வெண்டல். "யாருக்கும் தெரியாது. விட்டுரு."

நல்ல மனிதன். சில நேரம் எரிச்சலாக வரும் அளவுக்கு.

அக்டோபர் 25, வெள்ளி

என் வில்லிலிருந்து கீழே இருந்த நான்கு ஊசிகளையும் கழற்றிவிட்டேன். ஒரு மிட்டாய் டப்பாவில் கிடக்கின்றன.

லவானின் பார். மீன் வருவதற்கு முன்பே ஆர்லன் ஆரம்பித்துவிட்டான்: "எல்லாரும் நாற்காலிய திருப்புங்க, ரோண்டா சக்கரம் ஓட்டப் போறா!" வெண்டல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே தடவிய ரொட்டிக்கு.

எழுந்தேன். "இன்னிக்குப் புதுக் கூத்து" என்றேன். ஒரு பொம்பளை, ஒரு வில், ஐந்து ஊசி. இழுக்கிறாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐயோ, மூன்று எங்கே? விடுகிறாள். அம்பைப் புல்லில் துடைக்கிறாள். சிரித்தார்கள்.

"யாரு அது? வெண்டலோட தங்கச்சியா?" என்றான் ஆர்லன்.

"நான்தான்டா. போன வாரம் வியாழக்கிழமை. இவன் சக்கரத்தத் திருப்பினதே இல்ல, நான் சும்மா கட்டிவிட்டேன். லவான், அந்தக் கத்தரிய எடு."

அப்போதுதான் சிரிப்பு நின்றது. ஆர்லனின் வாய் திறந்தபடியே இருந்தது. மூடச் சொல்லித்தர ஆள் இல்லை. லவான் கத்தரியைக் கொண்டுவந்து நேராக வெண்டலிடம் கொடுத்தாள்.

நான் திரும்பி நின்றேன். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய நீலச் சட்டை. வேண்டுமென்றே அதைத்தான் போட்டுப் போயிருந்தேன்.

"எது வரைக்கும்?" என்று கேட்டான்.

"ஒன் இஷ்டம்."

ஒரு விரல் அகலம் வெட்டிவிட்டு விட்டுவிடுவான் என்று நினைத்தேன், அவன் குணத்துக்கு. இல்லை. தோள்பட்டை வரைக்கும் போனான். நிதானமாக, ஒரு பக்கமும் கோணாமல். பெயரும் தேதியும் எழுதி, பச்சைக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தான். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் வெறும் முதுகு வண்டி சீட்டில் பட்டு ஜில்லிட்டது. நான் கேட்காமலேயே வெண்டல் கை நீட்டி ஹீட்டரைக் கூட்டினான்.