காலில்லாமல் வரைந்த அட்டைப்படம்

என் சவரி அண்ணே,

அங்கே உனக்கு வலி இல்லாமல் இருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன் புத்தகம் வந்துவிட்டது. 'பெரட்டுக்கு வராதவள்' என்று நீ வைத்த பெயரையே போட்டிருக்கிறோம். அட்டைப்படம் மட்டும் நீ சொன்னபடி இல்லை. ஏன் அப்படி ஆனது என்று நானே உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. யாரும் அச்சிட முன்வராத கதைகளை நாமே அச்சிடுவோம், படத்தை நீ போடு என்றாய். ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயம் பூசுகிறவள் நான், எனக்கு வரையவெல்லாம் வராது என்றேன். "பூசத் தெரிஞ்சவளுக்கு வரையத் தெரியாதா? அட்டையில பவுனைப் போடு," என்றாய்.

பவுனு உன் முதல் கதையில் வருகிறவள். தோட்டத்தில் எல்லோரும் காலைப் பெரட்டில் வரிசை நிற்கப் போய்விட்டார்கள். பெயர் கூப்பிடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று இவள் மட்டும் பிந்தி ஓடுகிறாள். பின்னாலிருந்து ஒரு குரல் அவளைக் கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்கிறாள். அதன்பின் அவளை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவள் வெட்டும் ரப்பர் மரங்களில் மட்டும் தினமும் பால் வடியும் மங்கு நிரம்பியிருக்கிறது. கூப்பிட்டது யார் என்று கதை கடைசிவரை சொல்வதில்லை.

"திரும்பிப் பாக்கிற மாதிரி போடு பிலோ. யாரையும் பாத்து வரையாதே. காலு தெரியக்கூடாது, பனியில மறைச்சிடு," என்று மூச்சு வாங்கச் சொன்னாய்.

"இப்படி ஒருத்தி நெசமா இருந்தாளா அண்ணே?"

"இல்ல புள்ள. கற்பனதான்." சொல்லிவிட்டு நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ போன பிறகு, ஸ்டூடியோவின் பின்னறையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். முகம் சரியாக வரவேயில்லை. வரைந்ததெல்லாம் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் சாயலில் போய் முடிந்தது. ஒருநாள், மழை பெய்து ஓய்ந்த மத்தியானம், அது தானாக வந்தது. நான் யோசிக்கவில்லை, கை போனது. இடது புருவம் வரையும்போது தூரிகையில் மை தீர்ந்து கோடு நடுவில் அறுந்துவிட்டது. நிரப்பப் போனேன். ஏனோ கை நகரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே நீ சொன்ன பனி.

எங்கள் முதலாளி தவுக்கேக்குப் படம் பிடித்துப்போனது. அச்சகத்துக்குக் கொடுக்கும்வரை இருக்கட்டும் என்று ஸ்டூடியோவின் முன்கண்ணாடிக்குள் கல்யாணப் படங்களோடு வைத்தார்.

அந்த வாரமே ஓர் அம்மா வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பை. வெயிலில் நின்றவர் நகரவே இல்லை. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்தப் புள்ள எப்பம்மா வந்து படம் எடுத்துச்சு?"

"எந்தப் புள்ளம்மா?"

"இதோ, கண்ணாடியில இருக்கிறவ. இப்ப எங்க இருக்கான்னு சொன்னாளா?"

"அது போட்டோ இல்லம்மா. ஒரு கதைப் புத்தகத்துக்கு நான் வரைஞ்சது. அப்படி ஒருத்தி இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்காம எப்படி வரைய முடியும்? இது என் மக தனம். பெரட்டுக்குப் போறேன்னு போனவ. இந்தப் புருவத்தப் பாரு. பால் வெட்டுற கத்தி பட்டுக் கிழிஞ்சது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர்தான் தையல் போட்டாரு."

எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சுங்காய்ப் பக்கம் என்று பெயரைச் சொன்னார். நீ டிரெஸராக இருந்த தோட்டம் அண்ணே. நான் அங்கே வந்ததே இல்லையே. நீ அங்கே வேலைக்குப் போவதற்கு முன்பே கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்துவிட்டவள் நான். தையல் போட்டது நீ. வரைந்த கை என்னுடையது. நடுவில் அந்தப் புருவத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவர் பெயர் பேச்சியம்மா. தோட்டத்தை விட்டு வந்து, சிம்பாங் பூலாயில் கல் உடைக்கும் மலையில் வேலை செய்யும் மகனோடு இருக்கிறார். கண்ணாடிக்குள்ளிருந்து படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். கன்னத்தைத் தொடப் போய், விரலை இழுத்துக்கொண்டார். அப்புறம் பார்வை கீழே இறங்கியது.

"காலு எங்கம்மா?"

"பனி மறைக்குதும்மா."

"பனியாவே இருக்கட்டும். காலு இருக்கணும்ல? காலில்லாம போட்டா செத்துப்போனவன்னு ஆயிடும். நான் இன்னும் அவளுக்குத் தேவசம் குடுக்கல. வந்துடுவான்னு தினமும் சோத்துல ஒரு கை எடுத்து வெச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எழுதுனவரு அப்படித்தான் போடச் சொன்னாரும்மா."

"அவரக் கூப்பிடு. நான் பேசுறேன்."

"அவர் இப்ப இல்லம்மா."

"அப்ப உயிரோட இருக்கிறவ சொல்லக் கேளு," என்றார்.

நான் என்ன செய்வேன், சொல்? நீ கடைசியாக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதைத் தட்டினால் நீ வருத்தப்படுவாய் என்று அந்த இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. ஆனால் ஒரு தாய் எடுத்து வைக்கும் அந்த ஒரு கைச் சோறு என் நெஞ்சிலேயே நின்றது. மறுநாள் பேச்சியம்மாவை வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வெறுங்கால் என்றார். வலது பெருவிரலில் நகம் பாதிதான் இருக்கும் என்றார். பனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்து, அந்த இடத்தில் கால்களை வரைந்தேன். துடைக்கத் துடைக்க, அடியில் ஏற்கெனவே கால் இருப்பது போலவே இருந்தது.

சாயங்காலம் தவுக்கே உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. "இனி ஒராங் மாவு கெலுவார் லா," என்றார். இந்த ஆள் வெளியே வரப் பார்க்குது என்று அர்த்தம். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, காலையிலேயே அச்சகத்துக்குக் கொண்டுபோய்விடச் சொன்னார். அச்சகத்திலும் அப்படித்தான். அட்டைகளை அடுக்கி வைத்திருந்த அறைக்கு, புத்தகம் தைக்கும் பெண் தனியாகப் போக மாட்டேன் என்றுவிட்டாளாம். ஏனென்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே நேரத்துல திரும்புற மாதிரி இருக்கு," என்றாளாம்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய்க்குப் பஸ் ஏறினேன். பேச்சியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். கதவை நன்றாகத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் உட்கார்ந்து வாசித்தேன். எழுதியது யார் என்றும் சொன்னேன். "தையல் போட்ட டிரெஸரா?" என்று மட்டும் கேட்டார்.

பின்னாலிருந்து குரல் கூப்பிடும் இடம் வந்தது. கையை நீட்டி நிறுத்தினார்.

"கூப்பிட்டது நான்தாம்மா."

எனக்குப் புரியவில்லை.

"அவ ரொட்டிய மறந்துட்டுப் போனா. லயத்து வீட்டு வாசல்ல நின்னு, தனம்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. இந்தப் படத்துல இருக்கிற மாதிரியேதான். நேரமாச்சு, வாரேன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டா. யார்கிட்டயும் நான் இதச் சொன்னதில்ல. என் மகனுக்கே தெரியாது." புத்தகத்தை வாங்கி மடியில் வைத்து, அட்டையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "அப்ப அங்க வேற யாரும் இல்லம்மா. லயமே காலி. டிரெஸருக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அண்ணே, உனக்கு எப்படித் தெரிந்தது?

மரத்துக்குப் பின்னால் நின்றாயா? அவளை எங்காவது பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாயா? கால் வேண்டாம் என்று நீ சொன்னது, யாரும் அவளைத் தேடிப் போகக்கூடாது என்பதற்காகவா? இல்லை, நான் நினைக்கப் பயப்படுகிற வேறு ஏதாவதா? உன்னை நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறேன் என்பதையும் உனக்கு மறைக்கவில்லை.

எழுபதுகள் முடிந்துவிட்டன. அந்தத் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள், லயங்களும் இல்லை என்கிறார்கள். போய்க் கேட்க அங்கே யாரும் மிச்சமில்லை. நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

கல்லறைத் திருநாளன்று பேச்சியம்மாவை உன்னிடம் அழைத்து வருகிறேன். அவரே கேட்டார், நான் சரி என்றேன். உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, நான் வெளி வாசலில் போய் நின்றுகொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் திரும்பி வரமாட்டேன். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம் அண்ணே. அந்த அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடு.

உன் கூடப்பிறந்தவள்,
பிலோமினா