நான்காம் வரி

பம்பாய், 12.8.1985

அன்புள்ள அப்பாவுக்கு, சகாதேவன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்களுக்கு முட்டிவலி கம்மியானதா?

போன மாதம் ஆபீஸில் ஒரு கூத்து. லட்சம் பெயர்கள் உள்ள பட்டியலை ஒரேயடியாகப் படிக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டேன். நினைவகத்தில் இடம் போதாமல் அது நின்றுபோனது. பிறகு ஒரு வரியைப் படித்து, அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும்படி மாற்றினேன். எல்லாம் சுலபமாக ஓடிவிட்டது.

அம்மா போனதைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தையும் ஒவ்வொரு வரியாகத்தான் படிக்கிறேன். மொத்தமாகப் படிக்க மனசு தாங்கவில்லை.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கார்த்திகை தீபத்துக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். ஒன்பது நாளாக நான்காம் வரியைத் தாண்ட முடியவில்லை, அப்பா: "சகாதேவன் வந்துட்டானானு ரெண்டு தடவை கேட்டா."