ஆற்றுவாய் வெட்டக் கேட்ட மனு

என் உயிரான மச்சான் சின்னவனுக்கு,

உன்னைக் கொன்றது அரசாங்கக் கச்சேரியின் இங்கிலீசு. எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் எல்லோரும் வெள்ளத்தைத்தான் திட்டுகிறார்கள். வெள்ளம் என்ன செய்யும்?

போன மாரியில் வாவி ஏறி, எங்கள் வயல் வட்டையில் இளம் பயிர் மூழ்கத் தொடங்கியது. கடலை மறித்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டி வாய் திறந்தால் நீர் வடிந்துவிடும். வெட்ட உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்கும் மனு இங்கிலீசில் வேண்டும். எங்களில் இங்கிலீசு படித்தவன் நீ ஒருவன்தான்.

உன் கொப்பி இப்போது என்னிடம். ‘பிரேக்’ என்ற ஒரு சொல்லுக்கு ஒன்பது பக்கம். கோப்பையை உடைப்பதும், சட்டத்தை மீறுவதும், நோன்பு துறப்பதும், பொழுது விடிவதும், குதிரையைப் பழக்குவதும் அதுதானாம். நேற்று நடந்ததற்கு ஓர் எழுத்து, நடந்து முடிந்ததற்கு வேறோர் எழுத்து. வண்டி நிறுத்தும் கட்டைக்கும் அதே ஓசை, எழுத்து மட்டும் வேறு.

“திட்ட உடைக்கப்போறம் எண்டு எழுதினா, சட்டத்த உடைக்கப்போறானுகள் எண்டு கிளாக்கர் சிரிப்பான் மச்சான். பொறு, இன்னொருக்கா எழுதுறன்.”

“நெல்லுக்கு இங்கிலீசு தெரியாதுடா,” என்றேன். சிரித்தாய். ஐந்து நாள் அடித்து அடித்து எழுதினாய். அந்தத் தாளை நான் ஏன் பிடுங்கவில்லை?

ஆறாம் நாள் பயிர் கண்ணுக்கே தெரியவில்லை. கொடுக்காத மனுவை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக மண்வெட்டியோடு திட்டில் இறங்கினாய். ஐந்து நாள் பெருகி நின்ற நீர், நீ வெட்டிய வாயால் உன்னையும் கொண்டு கடலுக்குப் போனது.

இந்த மாரியும் வாவி ஏறுகிறது மச்சான். இம்முறை நான் தமிழில் எழுதினேன். வட்டைக்காரர் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். உன் தங்கச்சி மட்டும் முழுப் பெயரையும் எழுதினாள்.

கச்சேரியில் கிளாக்கர் தாளைத் தொடவில்லை. “இங்கிலீசில கொண்டு வாங்க.”

“ஐயா வீட்டில என்ன பாசையில சோறு கேக்கிற?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனுவை மேசையில் வைத்துவிட்டு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்; கூட வந்த வட்டைக்காரரும் உட்கார்ந்தார்கள். இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். நாங்கள் எழும்ப மாட்டோம்.

வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம். அதற்கு மறுகா நாங்களே வெட்டுவோம். ஒருவரும் தனியாக இறங்க மாட்டோம். ஆளுக்காள் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்குவோம். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பியோன் கதவடைக்க வருகிறான். கிளாக்கர் தொப்பியை எடுக்கிறார். மறுபடியும் கேட்டேன்:

“தண்ணி ஏறுது ஐயா. வாய் வெட்ட உத்தரவு எங்க?”

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்