கிணற்றில் விழுந்த குட்டி

குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்ட பிறகு யானைகள் வயலுக்கு இறங்கின. சென்ற அறுவடையில் சுலைஹாவின் தம்பியை ஒரு யானை அடித்துக் கொன்றது. இன்று வயல் கிணற்றில் யானைக்குட்டி விழுந்துவிட்டது. "அது அங்கயே சாகட்டும்" என்று சொல்லி அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவன் ஆதம்பாவா மண்வெட்டியை எடுக்குமுன் ஒரு சீட்டில் எழுதினான்:

"சுலைஹா, நான் வயல் வட்டைக்குப் போறன். ஆக்கள் வெடி போட்டுத் தாய் யானைய ஒதுக்கினா, கிணத்துக் கரைய வெட்டிச் சரிச்சு விடுவம். குட்டி தானா ஏறிரும். சோறு மூடி வெச்சிருக்கன், தின்னு."

அடியில் நெருக்கி இன்னும் எழுதினான்:

"செத்த தம்பிட மையித்த விட்டு உன்ட உம்மா எழும்பாம இருந்தா. அந்தத் தாயும் விடிஞ்சதிலிருந்து கிணத்தடிய விட்டு அசையல்லியாம்."

சீட்டைக் கதவின் கீழே தள்ளினான். கதவு திறக்கவில்லை. ஆனால் சீட்டு மெல்ல உள்ளே இழுபட்டது.