கல்லறைக்குள் வைத்த தலையணை

12 ஜூலை 1954

மூடுபனி. பதினொரு மணி வரை ஏரி கண்ணில் படவில்லை. விரல் விறைத்து ஊசி பிடிக்க வரவில்லை. மேல்தெரு பிரெஞ்சுக்காரிக்கு மேஜை விரிப்பை நாளை பூத்தையல் முடித்துக் கொடுக்க வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பி வந்தாளாம், எங்கள் மலையூர் அந்தனனரிவு ஏமாற்றிவிட்டதாம். யார் வரச் சொன்னார்கள்?

அத்தைக்கு மறுபடி கனவு. காணாமல் போன என் வீட்டுக்காரர் வந்து நின்றாராம்.

"குளிருதும்மான்னான்டி. செத்தவங்கதான் கனவுல வந்து அப்படிக் கேப்பாங்க."

"உயிரோட இருந்தாலும் குளிரும் அத்தை. ஜூலை, குளிர்காலம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். அவளுக்கும் அவர் மகன் இல்லையா? என் வாய் இருக்கிறதே.

16 ஜூலை

வெள்ளிச் சந்தையில் கொழுந்தன் ரலம்பு பட்டு விலை கேட்டுக்கொண்டு நின்றான். செப்டம்பரில் குடும்பக் கல்லறையைத் திறக்கிறார்கள். முன்னோர்களை வெளியே எடுத்துப் புதுப்பட்டு சுற்றி, ஊர்ச்சேதி சொல்லி, திரும்ப வைக்க. இந்தமுறை அண்ணனுக்கும் ஒரு பட்டு வாங்குகிறானாம். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல, அவர் தலையணையையும் பாயையும் சுற்றி உள்ளே வைக்க.

"ஏழு வருஷம் ஆச்சு அண்ணி. இருந்தா ஒரு கடுதாசி வந்திருக்காதா?"

"உசுரோட இருக்கறவரை உள்ள வைச்சிட்டு, அப்புறம் அவர் வாசல்ல வந்து நின்னா என்னடா சொல்லுவே?"

பட்டுக்காரி எங்களையே பார்த்தாள். நான் வெங்காயம்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

3 ஆகஸ்ட்

ஐந்தாவது தடவையாகக் குன்றேறி அரசாங்க அலுவலகம் போனேன். அந்தப் படிக்கட்டு, பக்கத்துச் சாலை, கீழே சாக்கடை, எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்தவர் அவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ராணியை நாடு கடத்திவிட்டு, அவள் அரண்மனையைக் காட்சிசாலையாக்கிவிட்டு, இந்த ஊரையே தாங்கள் கட்டியதாகச் சொல்கிறார்கள். கட்டட இலாகாவில் குனிந்து கோடு போட்டவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். நாற்பத்தேழில் கிழக்கே அவர்களை எதிர்த்துக் கலகம் வெடித்தபோது, வேலையாகக் கிழக்கே போயிருந்தவர் திரும்பவே இல்லை.

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினான். "ரட்சிம்பான்னு எந்தச் சிறையிலயும் ஆள் இல்லம்மா. இருந்ததும் இல்ல."

அப்படியானால் செத்தவர்கள் பட்டியலில்?

"அதுலயும் இல்ல."

4 ஆகஸ்ட்

இரண்டிலும் இல்லாத மனிதனுக்கு நான் என்ன உறவு?

29 ஆகஸ்ட்

அத்தைக்கு இருமல் விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு நாள் நெருங்கிடுச்சு. என்னை அவன் பக்கத்துல வைக்கணும். அவனே அங்க இல்லேன்னா நான் யார் பக்கத்துலடி படுப்பேன்?"

தலையணையை உள்ளே வைப்பதற்குச் சரி என்றேன். ஒரு சொல்தான். சொன்ன பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

18 செப்டம்பர்

முடிந்தது. குழலும் மேளமுமாக எல்லாரும் தங்கள் தங்கள் பெரியவர்களைத் தோளில் வைத்து ஆடினார்கள். அவர் தலையணை என் தோளில். கனமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல் கதவை மூடும்போது, "மன்னிச்சிடுங்க" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் முன்னோர்களைக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

22 அக்டோபர் 1955

ஏரிக்கரை முழுக்க ஊதாப் பூ. விதவை என்று கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

8 மார்ச் 1957

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று காலை ஒருவன் வந்தான். சாஃபி என்று பெயர், கிழக்குக் கரைக்காரன். வடக்கே தீவுச் சிறையிலிருந்து விடுதலையாகி, ஊருக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். பிடிபட்ட அன்றே அவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாராம். சொந்தப் பெயரைச் சொன்னால் வீட்டுப் பெண்களைப் பிடிப்பார்கள் என்று பயம். அதனால்தான் கடிதமே போடவில்லை. ஒன்பது வருஷம் சாஃபியோடு ஒரே அறை.

"காய்ச்சல்ல போயிட்டாருக்கா. போன வருஷம் பிப்ரவரி பத்தொன்பது."

போன வருஷம்! நான் உள்ளே வைத்துப் பதினேழு மாதம் கழித்து.

"எப்பவும் சொல்லுவாரு: எல்லாரும் என்னைச் செத்தவனாக்கிக் கல்லறையில வைச்சிருப்பாங்க, என் பொண்டாட்டி மட்டும் விட்டிருக்க மாட்டாள்னு. சொல்லிச் சிரிப்பாரு. விடலதானேக்கா?"

"இல்ல," என்றேன்.

இருமலால் போகப்போகிறேன் என்ற அத்தை இன்னும் திடமாகத்தான் இருக்கிறாள். அரிசித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இவ விடவே இல்லப்பா. நான்தான் நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒத்துக்கவே இல்ல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டான். போகும்போது, புதைத்த இடத்தை ரலம்புவிடம் விவரமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

10 மார்ச்

இரண்டு நாளாக அத்தையே அரிசி புடைத்து, சமைத்து, முதலில் என் தட்டில் போடுகிறாள்.

இன்று பழைய நோட்டை எடுத்து அந்தத் தேதியைத் தேடினேன். 19 பிப்ரவரி 1956, ஞாயிறு. என் கையெழுத்துத்தான்:

"தேவாலயத்தில் பாடினேன். கோழிக்கறி. வாசலில் யாரோ தட்டினார்கள், முன்போல எழுந்து ஓடவில்லை. மதியம் நன்றாகத் தூங்கினேன்."