ஊஞ்சல் ரிக்கார்டு

1959 ஜூன் 14, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. ஜன்னலைத் திறந்தால் வீடு முழுக்கப் புழுதி. குடிதண்ணீர் இரண்டு குடம்தான் கிடைத்தது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். வசந்தாவின் பாவாடை ஓரம் கிழிசல். அக்காவிடம் சொல்ல வேண்டும்.

இந்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் லாரி வருகிறது என்று முதலாளி ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார். பொன்னுத்தாய் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். பங்குனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மதுரைக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே, காச நோய் ஆஸ்பத்திரி. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சாணார்பட்டியிலிருந்து வந்து சமையலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா "அந்தச் சீக்கு" என்பாள். வசந்தா "அம்மாவுக்கு இருமல்" என்பாள்.

ஷாப்பிலிருந்து வந்ததும் மனசு கேட்கவில்லை. கிராமபோன் பெட்டியைத் திறக்கலாம் என்று போனேன். பெட்டியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். வசந்தாவின் ரிப்பன். மேலே முடிச்சு, முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"தொடாதீங்கப்பா."

"செத்த நேரம்மா. ஒரே ஒரு ரிக்கார்டு."

"அம்மா வந்து அவுக்கட்டும்."

எட்டு வயது. எதிரில் வந்து நின்றுகொண்டாள். நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். படித்தது ஒன்றும் நினைவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

காற்று குறையவில்லை. காலையில் வசந்தாவுக்குச் சடை பின்னினேன். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

ஆபீசில் வேலை குறைவு. பெட்டி வந்த நாள் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

வசந்தாவுக்கு நாலு வயது அப்போது. சிறுமலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்கே திரும்புகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பொன்னுத்தாய் இரும்பு வாளி கேட்டிருந்தாள். வாங்கி வந்தது கிராமபோன் பெட்டியும் ஒரு கட்டு ரிக்கார்டும். வாளி இல்லை.

அவள் கோபப்படவில்லை. கூடத்து நடுவில் வைத்து, "பாடச் சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். கிதார். கம்பிமேல் எதையோ வழுக்கி வழுக்கி இழுத்தது போல ஒரு நாதம். தூரத்திலிருந்து ஒருவர் கூப்பிடுகிற மாதிரி. அடுத்த ரிக்கார்டும் கிதார். அதற்கடுத்ததும். துரைக்கு வேறு எதுவும் பிடிக்காது போல.

"எப்பப் பாடுவான்?"

"இதுல பாட்டு இல்ல. வாத்தியம் மட்டும்தான்."

"அம்புட்டுத் தூரம் மலையேறிப் போயி ஊமை ரிக்கார்டா வாங்கிட்டு வந்தீங்க?"

இரண்டு நாள் சும்மா கேட்டாள். மூன்றாம் நாள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே அவளே வார்த்தை போட ஆரம்பித்துவிட்டாள்.

*புளிக்கொழம்பு கொதிக்குது
புள்ள வந்து குதிக்குது
ஆபீசய்யா சட்டையில
ஆட்டுத்தோலு மணக்குது*

வசந்தா உருண்டு உருண்டு சிரித்தாள். நானும்தான். அதிலிருந்து தினம் சாயங்காலம் இது ஒரு வேலை. லேபிளில் இருந்த இங்கிலீஷ் பெயர் எங்களுக்கு எதற்கு? நாங்களே பெயர் வைத்தோம். வேகமாக ஓடுவது சைக்கிள் ரிக்கார்டு. சொட்டுச் சொட்டாக விழுவது மழை ரிக்கார்டு. மெதுவாகப் போய், மெதுவாகத் திரும்பி வருவது ஊஞ்சல். ஊஞ்சலில் ஒரு கீறல். சுற்றுக்கு ஒரு தரம் "டக்" என்னும். வசந்தா அதன்மேல் உட்கார்ந்ததால் வந்தது. அந்த "டக்" வருகிற இடத்தில் பொன்னுத்தாய் மூக்கால் ஒரு சத்தம் கொடுப்பாள். அதுவும் பாட்டில் சேர்ந்துபோயிற்று.

ஊஞ்சலுக்கு அவள் வார்த்தை போட்டதே இல்லை. அது ஓடும்போது மட்டும் பேச்சில்லை. வசந்தா மடியில், இவள் என் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு. விளக்கு ஏற்ற நேரமாகியும் எழுந்திருக்க மாட்டாள்.

ஆபீசில் தோல் வியாபாரி ஒருவர் வந்து எதிரில் நின்றது கூடத் தெரியவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

மதுரை பஸ்ஸில் கூட்டம். அங்கிருந்து இன்னொரு பஸ். வாழைப்பழம், முட்டை, அக்கா கொடுத்த எள்ளுருண்டை.

பொன்னுத்தாய் வராந்தாக் கட்டிலில். காற்று படட்டும் என்று எல்லாக் கட்டிலும் வராந்தாவில்தான். ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது என்றாள். காட்டவில்லை. வசந்தா சாப்பிடுகிறாளா, தலைக்கு எண்ணெய் வைக்கிறேனா, அக்கா முனகுகிறாளா. எல்லாம் கேட்டுவிட்டு,

"சாயங்காலம் ஊஞ்சல் போடுறீங்களா?"

"போடுறோமே."

"சாவி எத்தனை சுத்து குடுப்பீங்க?"

முழித்தேன். எனக்கு அது கைவராது, அந்த முதல் நாளுக்குப் பிறகு எப்போதும் அவள்தான் கொடுப்பாள்.

"பொய் சொல்ல வேணாம்" என்றாள். பிறகு ரிப்பன் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது.

"நான் என்ன செத்தா போயிட்டேன், பெட்டியக் கட்டி வைக்க?"

பக்கத்துக் கட்டில் செம்பட்டிக்காரம்மா திரும்பிப் பார்த்தார். பொன்னுத்தாய்க்கு இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுக்க எழுந்தேன், வேண்டாமென்று கை காட்டினாள். இருமி முடித்து, மெதுவாக:

"இங்கிட்டுக் கொண்டாங்க. நான் கேக்கணும். இருமலத் தவிர ஒண்ணும் காதுல விழலங்க இங்க."

வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பாடக் கூடாது. நோயாளி யாரும் வாயைத் திறந்து பாடக் கூடாது. கேக்கலாம்" என்றார். "புள்ளைங்க உள்ள வரக் கூடாது, தெரியுமில்ல?"

தெரியும். பங்குனியிலிருந்து அவள் மகளைப் பார்க்கவில்லை.

ஜூன் 24, புதன்

தூறல், உடனே நின்றுவிட்டது. முதலாளிக்குப் பல்வலி, யாரிடமும் பேசவில்லை. நல்லது.

வசந்தாவிடம் சொன்னேன். அழுகை. "பெட்டியும் அங்க போயிருச்சுன்னா?"

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். அவளுக்கு அந்தப் பெட்டி பிடிக்காது, சீமைச் சத்தம் என்பாள். இன்று வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏண்டி, உங்காத்தா காது சும்மா கெடக்குதாம்ல. பசிச்சா சோறு குடுக்க மாட்டியா?" என்றாள்.

வெகு நேரம் கழித்து வசந்தா ரிப்பனை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. என்னை உதவிக்கு விடவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

மூன்று பேருமாகப் போனோம். பெட்டி என் மடியில். ரிக்கார்டுகள் அக்காவின் பழைய சேலையில் சுற்றி அவள் மடியில். கண்டக்டர், "என்னய்யா அது, ஆர்மோனியமா?" வசந்தா, "கிராமபோன். எங்கம்மாவோடது." வழியெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

வேலிக்கு வெளியே வேப்பமரம். அக்காவும் வசந்தாவும் அங்கே, நான் மட்டும் பெட்டியோடு உள்ளே. வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரியும், பேசினால் கேட்காது. பொன்னுத்தாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கையை உயர்த்தினாள். வசந்தா உயர்த்தவில்லை. பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாவி பொன்னுத்தாய்தான் கொடுத்தாள். பாதியில் மூச்சு வாங்கியது. மீதியை நான். முதலில் சைக்கிள். வராந்தா முழுக்கத் தலைகள் திரும்பின. கடைசிக் கட்டிலில் ஒரு பெண், கல்யாணம் ஆகாத பிள்ளை, "அக்கா, அதையே திருப்பிப் போடுங்க" என்றாள் பொன்னுத்தாயிடம். போட்டோம். இன்னொரு தரம் கேட்டாள். போட்டோம்.

அடுத்தது புளிக்குழம்பு மெட்டு. பொன்னுத்தாய் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. சிஸ்டர் கதவருகே நிற்கிறார். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, கத்தல் மாதிரி:

*அத்தை வைக்கும் ரசத்துல
அம்புட்டும் உப்புதான்
அப்பா பின்னும் சடையில
அங்குட்டு இங்குட்டு கோணல்தான்*

அக்கா அவள் வாயைப் பொத்தப் போவது தெரிந்தது. வசந்தா தப்பித்து வேலியோரமாக ஓடிக்கொண்டே பாடினாள். செம்பட்டிக்காரம்மா சிரித்தார். கடைசிக் கட்டில் பெண் கை தட்டினாள். பொன்னுத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இருமல் என்று பயந்து கிட்டே போனேன். சிரிப்பு. சிரிப்பு மட்டும் இல்லை.

ஊஞ்சல் போடவில்லை. "வேணாம். அது வீட்டுக்கு" என்றாள்.

கிளம்பும்போது, பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றாள். எல்லாரும் கேட்கிறார்கள். சிஸ்டர் சரி என்றார். என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஊஞ்சல் ரிக்கார்டை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

ஜூலை 1, புதன்

கூடத்தில் பெட்டி இருந்த இடம் சதுரமாக, புழுதி படாமல். அக்கா பெருக்கிவிட்டாள்.

ஊஞ்சல் ரிக்கார்டு அலமாரியில், வேட்டிகளுக்கு நடுவில். போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை. எடுத்துப் பார்த்தேன். கீறலை விரலால் தடவினேன். வைத்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தால் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ரயிலடி வரை நடந்துவிட்டு வந்தேன். மலைக்கோட்டைப் பக்கம் ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு. குரல், மேளம், எல்லாம் இருந்தது. எனக்குக் கிதார் வேண்டியிருந்தது. பக்கத்தில் அவள் சாய்ந்த தோள் வேண்டியிருந்தது.

ஆகஸ்டு 9, ஞாயிறு

வெயில். கடைசிக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது.

நான் கேட்கவில்லை. பொன்னுத்தாய் தானே சொன்னாள். "வியாழக்கிழமைங்க. அந்தப் புள்ளைக்குச் சைக்கிள்தான் பிடிக்கும்." பெட்டி மூடியிருந்தது. இந்த வாரம் யாரும் திறக்கவில்லையாம்.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் கை மேல் இருந்தது. இத்தனை பேர் பார்க்க அவள் அப்படிச் செய்ததே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே பயம். வசந்தாவிடம், அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றேன்.

செப்டம்பர் 9, புதன்

லீவு சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். எனக்குப் புகை மாதிரிதான் தெரிந்தது. "காய்ஞ்சுட்டு வருது. மாத்திரைய விடாமச் சாப்பிட்டா, மழை முடியிறதுக்குள்ள அனுப்பலாம்."

வராந்தாவுக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்று ஒரு அட்டை தொங்குகிறது. சொன்னேன். பொன்னுத்தாய், "நெசமாவா?" என்று மூன்று தரம். பிறகு, "வாளி வாங்கினீங்களா இல்லையா?" நாலு வருஷத்து வாளி!

வரும்போது முணுமுணுத்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. பக்கத்தில் உட்கார்ந்த எரியோட்டு ஆள், "என்ன பாட்டு அண்ணே?" என்றார். தெரியாது என்றேன். உண்மைதான், அதன் பெயர் தெரியாது.

நவம்பர் 20, வெள்ளி

மழை. காலையில் விட்டது, மறுபடி பிடித்தது. வீட்டைக் கழுவி விட்டோம். உள்ளறையில் அவளுக்குக் கட்டில், தனித்தட்டு, தனி டம்ளர். நோய் ஆறிவிட்டது, பயமில்லை, ஆனாலும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கூட்டி வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து குதிரை வண்டி. கையில் துணி மூட்டை மட்டும். பெட்டி எங்கே என்று வண்டியில் கேட்டேன்.

"செம்பட்டியம்மாகிட்ட விட்டுட்டு வந்துட்டேங்க. அவுகளுக்கு இன்னும் எம்புட்டு நாளோ. நான் எந்திரிக்கயில அவுக அழுதாக. தூக்கிட்டு வர மனசு வரல." பிறகு என் முகத்தைப் பார்த்து, "கோவமா?"

இல்லை என்றேன். கோபம் இல்லை. இந்த ஐந்து மாதமும் ஒரு சாயங்காலத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். சுவரில் சாய்ந்து, மூன்று பேரும், ஊஞ்சல் ஓட. அதைத்தான் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே போய் வாங்கி வரச் சொல்வாள். அங்கே அந்தம்மா காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பார்.

வாசலில் வசந்தா. புதுப் பாவாடை. பொன்னுத்தாய் முட்டையும் பாலும் சாப்பிட்டு, நடக்காமல் படுத்தே இருந்து, நன்றாகப் பூசினாற்போல் ஆகிவிட்டாள். கன்னம் உப்பி, கழுத்து மறைந்து. கண்ணாடியில்லாத ஊரிலிருந்து வருகிறவளுக்கு அது தெரியாது. வாரந்தோறும் பார்த்த எனக்கும் தெரியவில்லை. வசந்தாவுக்குத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு,

"வாங்க" என்றாள்.

சொந்தக்காரர் வீட்டுப் பெரியம்மா வந்தால் சொல்வது போல.

பொன்னுத்தாய் நின்றுவிட்டாள். "என்னடி, வாங்க போங்கங்குற?" சிரிக்கப் பார்த்தாள். வசந்தா நகர்ந்து வழிவிட்டாள். பொன்னுத்தாய் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து சேலை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். அழைக்கவில்லை. இழுத்து அணைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட தூரம்.

மத்தியானம் முழுவதும் அப்படியே. வசந்தா வாசற்படியில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பாள், திரும்பிக்கொள்வாள். "தண்ணி வேணுமாங்க?" என்று ஒரு தரம் கேட்டாள். அக்காவுக்கே பொறுக்கவில்லை, கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

ராத்திரிச் சாப்பாடு. பொன்னுத்தாய் தன் தட்டோடு சற்றுத் தள்ளி. வசந்தா என் பக்கத்தில். அக்கா பரிமாறினாள். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனம். மழைச் சத்தம் மட்டும். வசந்தா தட்டையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பிசைந்தாள். அக்கா கரண்டியோடு குனிந்தாள். வசந்தா தட்டை இழுத்துக்கொண்டாள்.

"அத்தை வேணாம்."

பிறகு, தலையைத் தூக்காமலே, எரிச்சலான குரலில்:

"ஏம்மா, எனக்கு வெஞ்சனம் பத்தல. நீ வையி."

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். கரண்டியை வாங்க, எழுந்து கை கழுவப் போனாள்.